பூனைக்கு மதம் உண்டா?

ஐந்து வயதுப் பிள்ளையை அருகில் அழைத்து, "உன் மதத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால், அது ஒன்று திருதிருவென்று விழிக்கும், அல்லது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். விழிப்பதைக்கொண்டும் ஒப்பிப்பதைக்கொண்டும் அதன் உள்ளத்தில் மெய்யாகவே என்ன குடியிருக்கிறது என்று அறிந்துகொள்வதற்கில்லை. இந்தச் சங்கடத்தை நன்கு உணர்ந்திருந்த டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், எந்த ஆசிரியரும் விடை சொல்லிக்கொடுத்திருக்க முடியாத கேள்விகளாகப் பார்த்துத் தேர்ந்துகொண்டு, யூத, கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் குடும்பங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியரைத் தனித்தனியே உட்காரவைத்து விசாரித்தார். "நாயோ பூனையோ கத்தோலிக்கராக இருக்க முடியுமா?" என்பது அக்கேள்விகளுள் ஒன்று. "ஒருவர் ஒரே சமயத்தில் அமெரிக்கராகவும் யூதராகவும் இருக்கலாமா?" என்பது மற்றொன்று. 1961 முதல் 1963 வரை மூன்று கட்டுரைகளாக அவர் வெளியிட்ட முடிவுகள், குழந்தைகளின் சமய உணர்வைப் பற்றிய விஞ்ஞான ஆராய்ச்சியில் இன்றும் ஆதாரமாக எடுத்துச் சொல்லப்படுகின்றன.

விடைகள் வயதுக்கு ஏற்ப மூன்று படிகளாகப் பிரிந்தன. ஐந்திலிருந்து ஏழு வயது வரையுள்ளவர்களுக்கு மதம் என்பது வெறும் பெயராகவே இருந்தது. அந்தப் பெயர் நாட்டின் பெயரா, குலத்தின் பெயரா, நிறத்தைப் போன்றதொரு குணமா என்ற பேதமெல்லாம் அவர்களுக்குப் புலப்படவில்லை. ஆகையால் அமெரிக்கராக இருப்பவர் யூதராகவும் இருக்க முடியாது என்று அவர்களுள் பலர் ஐயத்துக்கு இடமில்லாமல் தீர்ப்புச் சொன்னார்கள். ஏழிலிருந்து ஒன்பது வயது வரையுள்ளவர்களுக்கோ மதம் கண்ணால் காணக்கூடிய காரியமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர் கத்தோலிக்கர். இன்ன பண்டிகை கொண்டாடுகிறவர் யூதர். யூதக் குடும்பத்தில் வளரும் பூனை யூதப் பூனையே என்று வாதிப்பதற்கும் இப்பருவத்தார் தயங்கவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடத்திலேதான், மதம் என்பது உள்ளத்தில் கொள்ளும் விசுவாசத்தைப் பொறுத்தது, பூனைக்கு அதை விளங்கிக்கொள்ளும் சக்தி இல்லையாதலால் பூனைக்கு மதம் இல்லை என்ற விடை பிறந்தது.

எல்கைண்டும் அவருடைய சகாக்களும் 1967-இல் பிரார்த்தனையைப் பற்றியும் இவ்வாறே விசாரித்தார்கள். ஐந்து வயதுக்காரருக்குப் பிரார்த்தனை என்பது கடவுளின் பெயரோடு சேர்த்து உச்சரிக்கும் சில சொற்கள். எட்டு வயதுக்காரருக்கு அது வேண்டிய பொருளைக் கேட்டு வாங்கும் விண்ணப்பம். பத்துப் பன்னிரண்டு வயதுக்காரருக்கோ அது பிறர் காதில் விழாமல் கடவுளோடு நடத்தும் அந்தரங்க சம்பாஷணை. சிறியவர்கள் மிட்டாயும் விளையாட்டுச் சாமானும் கேட்டார்கள். பெரியவர்கள் நன்றி சொன்னார்கள், பிறருடைய நலனுக்காகவும் வேண்டிக்கொண்டார்கள். சொல்லும் ஜபம் அதேதான். மண்டியிடும் இடமும் அதேதான். ஆனால் மூன்று பருவத்தாரும் செய்தவை மூன்று வெவ்வேறு காரியங்கள்.

இந்த அத்தியாயம் முழுவதும் நாம் விரித்துரைக்கப் போகும் உண்மைக்கு இவ்விரண்டு ஆராய்ச்சிகளும் வாசலாக அமைகின்றன. பெற்றோர் ஒரு தடவை கொடுக்க, பிள்ளை ஒரு தடவை பெற்றுக்கொண்டு, ஆயுள் முழுவதும் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பிதிரார்ஜித சொத்தாகவே சமய நம்பிக்கையைப் பெரும்பாலோர் கருதி வருகிறார்கள். உண்மையிலோ, வளரும் பிள்ளை தனக்கு அந்தந்தப் பருவத்தில் வாய்த்திருக்கும் அறிவைக்கொண்டு அந்த நம்பிக்கையைத் திரும்பத் திரும்பப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது. ஆக்கும் ஒவ்வொரு தடவையும் முந்தியதில் சிலவற்றை வைத்துக்கொள்கிறது, சிலவற்றை ஓசையின்றி விட்டுவிடுகிறது.

தகப்பனும் தெய்வமும்

இந்த வழியில் விளக்கேற்றியவர்களுள் ஒருவர் ஸ்விட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ நிபுணர் ழான் பியாஜே. குழந்தை இவ்வுலகத்தை எவ்வாறு கற்பித்துக்கொள்கிறது என்பதைப் பற்றி 1926-இல் அவர் வெளியிட்ட நூலில், ஜெனீவா ஏரியை மனிதர்கள் தோண்டித் தண்ணீர் நிரப்பினார்கள் என்றும், வானத்து மேகங்கள் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து கிளம்பியவை என்றும், சூரியனும் சந்திரனும் தாம் நடக்கும்போது கூடவே நடந்து வருகின்றன என்றும் மெய்யாகவே நம்பிய குழந்தைகளின் பேச்சுகள் ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. உலகத்திலுள்ள யாவற்றையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரியத்துக்காகச் செய்துவைத்தார் என்பது இளம் உள்ளத்தின் சுபாவமான துணிபு. அந்த யாரோ ஒருவர் தொடக்கத்தில் கடவுளாக இருக்க வேண்டுமென்பதில்லை. பெரும்பாலும் தகப்பனாரும் தாயாருமே.

பியாஜேயோடு ஜெனீவாவில் பணிபுரிந்த பியர் போவே, 1925-இல் எழுதிய நூலில், சர்வக்ஞத்துவம், சர்வ வல்லமை முதலாகத் தெய்வத்துக்குரியனவாகச் சொல்லப்படும் லட்சணங்களையெல்லாம் குழந்தை முதலில் தன் பெற்றோரிடத்திலேயே காண்கிறது என்றும், பெற்றோரும் தவறக்கூடியவர்களே என்று கண்டுகொள்ளும் நாளில்தான் அந்த லட்சணங்களை அவர்களிடமிருந்து பெயர்த்துக் கடவுளுக்குச் சாத்துகிறது என்றும் வாதித்தார்.

இவ்வாதத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளத் தக்கது, ஆங்கில இலக்கிய விமரிசகர் எட்மண்ட் காஸ் தம்முடைய பாலியப் பருவத்தைப் பற்றி 1907-இல் வெளியிட்ட சுயசரிதை. அவருடைய தந்தையார் பிலிப் ஹென்றி காஸ் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்து புகழ்பெற்ற இயற்கை விஞ்ஞானி. அதே சமயத்தில், பிளிமத் சகோதரர் என்னும் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஒரு நாள் தந்தையார் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு செய்தி உண்மையன்று என்பது சிறுவனுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு அப்போது ஏறக்குறைய ஆறு வயது. தந்தைக்குத் தெரியாததும் உண்டு என்ற எண்ணம் இடிபோல அவன் தலையில் இறங்கியது. பிற்பாடு, விக்கிரக ஆராதனை செய்பவர்களைக் கடவுள் கடுமையாகத் தண்டிப்பார் என்று தந்தையார் போதித்தபோது, அந்தச் சிறுவன் போதனையைச் சோதித்தே பார்ப்பதென்று தீர்மானித்தான். வீட்டில் ஒருவரும் இல்லாத வேளையில் ஒரு சிறிய நாற்காலியைத் தூக்கி மேஜைமேல் வைத்து, அதன் எதிரே மண்டியிட்டு, கடவுளை விளிக்க வேண்டிய இடத்தில் நாற்காலியை விளித்துத் தன்னுடைய அன்றாட ஜபத்தைச் சொல்லி முடித்தான். பிறகு, என்ன நடக்கப் போகிறதோ என்று நெஞ்சு படபடக்கக் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை, வெயில் எப்போதும் போலவே அடித்துக்கொண்டிருந்தது. அச்சிறுவன் உடனே நாஸ்திகனாகிவிட்டான் என்று நினைத்தால் அது தவறு. கடவுள் இருக்கிறார் என்பதில் அவனுக்கு அப்போதும் ஐயமில்லை. கடவுளின் சுபாவத்தைத் தந்தையார் சரியாக அறிந்திருக்கவில்லை என்பதே அவன் கண்ட முடிவு.

பிஸ்கட் பெட்டியில் கல்

ஒருவருடைய பாலிய நினைவு எத்தனை ரசமானதாயினும் விஞ்ஞானத்துக்குப் போதாது. பெற்றோரையும் கடவுளையும் குழந்தை எந்த வயதில் வேறுபடுத்திக் காண்கிறது என்பதை அளந்து பார்க்க ஒரு பரிசோதனை வேண்டும். 2001-இல் ஜஸ்டின் பாரெட்டும் அவரோடு சேர்ந்த இருவரும் வெளியிட்ட பரிசோதனை அத்தகையது.

மூன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம், வெளியே பிஸ்கட் படம் அச்சிட்ட ஒரு பெட்டியைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பிஸ்கட்தான் என்றது குழந்தை. பெட்டியைத் திறந்தால் உள்ளே கூழாங்கற்கள்! மறுபடியும் மூடி வைத்துவிட்டு, "உன் அம்மா இப்போது இந்த அறைக்குள் வந்து, மூடியிருக்கும் பெட்டியைப் பார்த்தால் உள்ளே என்ன இருப்பதாக நினைப்பாள்?" என்று வினவினார்கள். மூன்று வயதுக் குழந்தை, "கல்" என்கிறது. தனக்குத் தெரிந்தது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பது அதன் எண்ணம். ஐந்து வயதுக் குழந்தை, "பிஸ்கட்" என்கிறது; தான் கண்டதைத் தாய் காணவில்லை, ஆகையால் ஏமாந்துதான் போவாள் என்பது அதற்கு இப்போது விளங்கிவிட்டது. இனி அதே கேள்வியைக் கடவுளைக் குறித்துக் கேட்டார்கள். மூன்று வயதிலும் "கல்". ஐந்து, ஆறு வயதிலும் "கல்". தாயைப் பற்றிய மதிப்பீடு வயதோடு மாறியது. கடவுளைப் பற்றியது மாறவேயில்லை. மெக்சிகோவின் யூக்கட்டான் பிரதேசத்து மாயா இனக் குழந்தைகளிடம், சோளரொட்டி வைக்கும் சுரைக்குடுக்கைக்குள் கால்சட்டையை ஒளித்துவைத்து நிக்கோலா நைட்டும் பிறரும் நடத்திய பரிசோதனையும் (2004) ஏறத்தாழ இதே விடையைக் கொடுத்தது.

எல்லாம் அறிந்த ஒருவரைப் பற்றிய எண்ணம் குழந்தைக்கு இயல்பாகவே எளிது, அளவுபட்ட மனித அறிவைப் பற்றிய எண்ணமே அது பிரயாசைப்பட்டுக் கற்க வேண்டியது என்று பாரெட் முடிவுகட்டினார். ஆனால் 2010-இல் ஜொனாதன் லேனும் அவருடைய சகாக்களும், இடைப்பட்ட வயதினரை இன்னும் நுணுக்கமாகக் கவனித்தபோது வேறொரு காட்சி தென்பட்டது. தாய் ஏமாறக்கூடும் என்பதை அப்போதுதான் கண்டுகொண்ட நாலு, நாலரை வயதுக் குழந்தைகள், கடவுளும் அப்படியே ஏமாறுவார் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகே, சற்று மூத்தவர்கள், கடவுள் மனிதரைப் போன்றவர் அல்லர் என்று பிரித்துப் பேசினார்கள். அவ்வாறாயின், மூன்று வயதுக் குழந்தை கடவுளுக்குக் கொடுக்கும் சர்வக்ஞத்துவம் மெய்யான சர்வக்ஞத்துவமன்று. அது எல்லோருக்கும் வாரி வழங்கிய அறிவில் கடவுளுக்கும் கிடைத்த பங்கு. இயல்பா, கற்பித்ததா என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

டெபோரா கெலெமெனின் ஆராய்ச்சியும் இவ்வழக்கில் ஒரு சாட்சி. பாறைகள் ஏன் கூர்மையாக இருக்கின்றன என்று அவர் கேட்டபோது, காலப்போக்கில் மண்ணும் துகளும் படிந்து அப்படி ஆயின என்ற விடையைத் தள்ளிவிட்டு, மிருகங்கள் உடம்பு அரிக்கும்போது சொறிந்துகொள்வதற்காக என்ற விடையையே ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். கடவுள் நம்பிக்கை பரவலாக இல்லாத சீனத்துப் பிள்ளைகளிடத்திலும் இந்த மனப்பாங்கு காணப்படுவதாகப் பிற்காலத்து ஆராய்ச்சி (2017) தெரிவிக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு என்று எண்ணும் உள்ளத்தில், படைத்தவர் ஒருவர் உண்டு என்ற உபதேசம் எளிதில் வேரூன்றும் என்பது கெலெமெனின் கருத்து. ஆயினும் அந்த உபதேசத்தைக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை என்பதைப் பால் ஹாரிஸ் காட்டியிருக்கிறார். கிருமியையும் குழந்தை கண்டதில்லை, தெய்வத்தையும் கண்டதில்லை. இரண்டும் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். அப்படியிருந்தும் கிருமி உண்டு என்பதில் காட்டும் நிச்சயத்தைத் தெய்வத்தின் விஷயத்தில் பிள்ளைகள் காட்டுவதில்லை. கையைக் கழுவு என்று சொல்லும் தாய் கிருமியின் இருப்பைப் பற்றி ஒருபோதும் பிரமாணம் செய்வதில்லை. நாமெல்லாம் நம்ப வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்லப்படும் விஷயத்திலோ, நம்பாதவர்களும் எங்கேயோ இருக்கிறார்கள் என்ற குறிப்பு பொதிந்திருக்கிறது. அந்தக் குறிப்பையும் குழந்தை பிடித்துக்கொள்கிறது என்பது ஹாரிஸின் ஊகம்.

கட்டளையும் நியாயமும்

மதக் கட்டளையை மீறுவதும் திருடுவதும் பிள்ளைகளுக்கு ஒரே தரத்துக் குற்றங்கள்தாமா? கட்டுப்பாடு மிகுந்த மெனோனைட் கிறிஸ்தவ சமூகத்தையும் வைதிக யூத சமூகத்தையும் சேர்ந்த பிள்ளைகளிடம் லாரி நூச்சியும் எலியட் டூரியலும் இதை விசாரித்தார்கள். ஓய்வுநாளில் வேலை செய்யக்கூடாது என்று வேதத்தில் எழுதியிருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது வேலை செய்யலாமா? செய்யலாம் என்றார்கள் பிள்ளைகள்; எழுதியிருப்பதனாலேயே அது பாவம், எழுதியிராவிட்டால் பாவமில்லை. சரி, திருடு என்று கடவுளே கட்டளையிட்டிருந்தால் திருடலாமா? அப்போதும் திருட்டு தவறுதான் என்று பெரும்பான்மையோர் மறுத்துவிட்டார்கள். நல்லதைக் கடவுள் நல்லதென்று சொன்னதால் அது நல்லதாயிற்றா, நல்லதாக இருப்பதனால்தான் கடவுள் அதைச் சொன்னாரா என்று கிரேக்க தேசத்தில் பிளேட்டோவின் காலத்திலிருந்து தத்துவ ஞானிகள் விவகரித்து வந்த கேள்விக்கு, தலைமுறை தலைமுறையாக வேதத்துக்குக் கட்டுப்பட்டு வாழும் குடும்பத்துப் பிள்ளைகள் தயங்காமல் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

நம் தேசத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. இந்து முஸ்லிம் கலவரங்களைக் கண்ட குஜராத்தில், ஒன்பதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள இரு சமயத்துப் பிள்ளைகளிடமும் மகேஷ் ஸ்ரீநிவாசனும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. இந்து ஆசாரம் இந்துக்களையே கட்டும், முஸ்லிம் ஆசாரம் முஸ்லிம்களையே கட்டும். பிறரைத் துன்புறுத்தலாகாது என்ற நியாயமோ எல்லோரையும் கட்டும் என்றே இரு திறத்தாரும் பெரும்பாலும் கருதினார்கள். பெரியவர்கள் அடித்துக்கொண்ட ஊர்களிலே பிள்ளைகளிடம் இத்தனை தெளிவு இருந்தது என்பதைச் சமயக் கல்வியில் அக்கறையுள்ள யாவரும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

மரணத்துக்கு இரண்டு விளக்கங்கள்

இதுவரை சொன்னவற்றிலிருந்து, வயது ஏற ஏறப் பகுத்தறிவு வளரும், பகுத்தறிவு வளர வளரச் சமயக் கருத்துகள் தேயும் என்றொரு நேர்கோட்டை யாரேனும் போட்டுக்கொண்டால், மரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் அந்தக் கோட்டை அழித்துவிடும். ஸ்பெயின் தேசத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கும், வயோதிகர் ஒருவர் இறந்த கதையை இரண்டு விதமாகச் சொன்னார்கள்: ஒன்றில் மருத்துவர் பேசுகிறார், மற்றொன்றில் பாதிரியார் பேசுகிறார். இறந்தவருக்கு இப்போது நினைவு உண்டா, உணர்ச்சி உண்டா என்ற கேள்விக்கு, மருத்துவர் பேசிய கதையைக் கேட்டபின் இல்லை என்றும், பாதிரியார் பேசிய கதையைக் கேட்டபின் உண்டு என்றும் சொல்லும் போக்கு காணப்பட்டது. 2005-இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சியில் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது, உண்டு என்று சொல்வது சிறியவர்களைவிடப் பெரியவர்களிடத்திலேயே அதிகம் என்பதே.

மடகாஸ்கர் தீவின் தென்மேற்குக் கரையில் மீன்பிடித்து வாழும் வேஸோ மக்களிடையே நெடுங்காலம் பழகிய ரீட்டா அஸ்டூட்டி கண்டதும் இதற்கு ஒத்ததே. செத்தால் உடம்பு சவமாகிவிடும், கண் பாராது, காது கேளாது என்பதை வேஸோ சிறுவர்கள் இளம் வயதிலேயே நன்றாக அறிந்திருக்கிறார்கள். செத்த மீனும் கோழியும் அவர்களுக்கு அன்றாடக் காட்சி. கல்லறைச் சடங்குகளையும், கனவில் வந்து கட்டளையிடும் மூதாதையரைப் பற்றிய பேச்சையும் ஆண்டுக்கணக்கில் கேட்டு வளர்ந்த பிறகே, சவத்துக்கு அப்பாலும் ஒன்று எஞ்சி நிற்கிறது என்ற நம்பிக்கை அவர்களிடம் உறுதிப்படுகிறது. உயிர்நூல் அறிவு முதலில். மூதாதையர் அறிவு பின்னர். முதலாவது இரண்டாவதை விரட்டிவிடுவதில்லை. சந்தர்ப்பத்துக்கு ஏற்ற விளக்கத்தை எடுத்தாளும் சாமர்த்தியத்தோடு இரண்டும் ஒரே உள்ளத்தில் வாசம் செய்கின்றன. சமயம் குழந்தைத்தனத்தின் மிச்சம் என்று சொல்லி ஒதுக்கியவர்களுக்கும், விஞ்ஞானம் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று அஞ்சியவர்களுக்கும் இவ்வுண்மை ஒருங்கே பதில் சொல்கிறது.

பதினாறாவது வயது

இனி யௌவனப் பருவத்துக்கு வருவோம். எட்வின் ஸ்டார்பக் என்ற அமெரிக்கர், திடீரென்று உள்ளம் திரும்பிச் சமய வாழ்வில் புகுந்தவர்களிடம் வினாத்தாள் கொடுத்து வாங்கிய பதில்களை ஆராய்ந்து 1899-இல் ஒரு நூல் வெளியிட்டார். மனோதத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அதற்கு முன்னுரை வழங்கினார். அத்தகைய மாற்றம் ஏறக்குறைய முழுவதும் பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டே நிகழ்கிறது என்றும், ஆண்பிள்ளைகளிடையே பதினாறை ஒட்டி உச்சத்தை அடைகிறது என்றும் ஸ்டார்பக் கணக்கிட்டார். அவர் ஆராய்ந்தவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகள். ஆகையால் அந்தக் கணக்கை உலகத்துக்கெல்லாம் பொதுவென்று கொள்வது சரியன்று. ஆயினும், அவருடைய நூல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1896-இல், மதுரையில் சிற்றப்பாவின் வீட்டு மாடியில், மரண பயம் பற்றிக்கொள்ள, உடம்பு செத்தால் நான் சாவேனா என்ற விசாரணையில் இறங்கி, அடுத்த சில வாரங்களில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுச் சென்ற வேங்கடராமன் என்ற பள்ளி மாணவருக்கும் வயது பதினாறுதான் என்பதைத் தமிழர் எவரும் நினைக்காமல் இருக்க மாட்டார்கள். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

அந்த வயதில் அப்படி என்ன நேர்கிறது? கண்ணெதிரே உள்ளதை மாத்திரம் எண்ணிக்கொண்டிருந்த உள்ளம், இருக்கக்கூடியதையும் இல்லாமற்போகக்கூடியதையும் எண்ணத் தொடங்குகிறது. வேறு வீட்டில் பிறந்திருந்தால் நான் வேறு தெய்வத்தை அல்லவா வணங்கியிருப்பேன் என்ற நினைப்பு எட்டு வயதில் எழுவது அரிது. பதினைந்தில் அதைத் தடுப்பது அரிது. பியாஜேயே தம்முடைய பதினைந்தாவது வயதையொட்டித் தாயாரின் வற்புறுத்தலால் கிறிஸ்தவ சித்தாந்த வகுப்புக்குப் போனதாகவும், அங்கே சொன்ன கோட்பாடுகளை உயிர்நூலோடு எப்படிப் பொருத்துவது என்று திகைத்ததாகவும், கடவுள் உண்டென்பதற்குக் காட்டிய சான்றுகள் பலவீனமாகத் தோன்றியதாகவும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எட்மண்ட் காஸோ பள்ளி வாழ்வின் இறுதிக் கோடையில் ஒரு மாலை நேரம், ஜன்னலருகே நின்று, கிறிஸ்து அப்பொழுதே வந்து தம்மை அழைத்துக்கொள்ள வேண்டுமென்று உள்ளம் உருக வேண்டினார். தேநீருக்கு அழைக்கும் மணியோசைதான் வந்தது. தந்தையாரின் சமயத்திலிருந்து தாம் விலகத் தொடங்கியதை அந்த மாலையிலிருந்தே அவர் கணக்கிடுகிறார். ஒரே வயதில், ஒரே தீவிரத்தோடு கேட்ட கேள்வி ஒருவரை நம்பிக்கைக்குள் ஆழ்த்துகிறது. மற்றொருவரை வெளியே கொண்டுபோய் விடுகிறது.

1966-இல் ஜேம்ஸ் மார்ஷியா வகுத்த பாகுபாடு இங்கே நமக்குத் துணைசெய்யும். கேள்வியே கேளாமல் பெற்றோரின் கொள்கையை அப்படியே வரித்துக்கொண்டவர், கேள்விகளின் நடுவே இன்னும் தத்தளிப்பவர், கேட்டு முடித்துத் தமக்கென ஒரு கொள்கையைத் தெரிந்துகொண்டவர், எதிலும் சிரத்தையில்லாதவர் என்று இளைஞர்களை அவர் நால்வகைப்படுத்தினார். முதலாமவரும் மூன்றாமவரும் வெளிப்பார்வைக்கு ஒரே கோயிலில் ஒரே வரிசையில் நிற்கக்கூடும். ஆயினும் ஒருவருடையது இரவல், மற்றவருடையது சொந்தம்.

இளைஞர் எல்லோரும் இத்தகைய புயலில் அகப்படுகிறார்கள் என்று எண்ணிவிடலாகாது. 2002-03-இல் அமெரிக்காவில் பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரையுள்ள 3,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொலைபேசியில் விசாரித்து, அவர்களில் 267 பேரை நேரிலும் கண்டு பேசிய கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும், பெரும்பாலோர் கலகக்காரர்கள் அல்லர், பெற்றோரின் சமயத்திலேயே அமைதியாக இருக்கிறார்கள் என்று 2005-இல் எழுதினார்கள். ஆனால் உங்கள் சமயம் என்ன சொல்கிறது என்று கேட்டபோது அவர்களுள் அநேகருக்கு வாய் எழவில்லை. கடவுள் இருக்கிறார்; நாம் நல்லவர்களாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறார்; கஷ்டம் வந்தால் உதவுவார்; மற்ற வேளைகளில் நம் காரியத்தில் தலையிடுவதில்லை என்பதற்குமேல் அவர்கள் நம்பிக்கைக்கு உருவம் இல்லை. இளைஞரின் சந்தேகத்தைக் கண்டு கவலைப்படும் பெரியவர்கள், இந்தச் சந்தேகமற்ற வெறுமையைக் கவனிப்பது அபூர்வம்.

எது கைமாறுகிறது

பெற்றோரின் செல்வாக்கு எவ்வளவு காலம் நிலைக்கும்? மினசோட்டாவில் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்து வளர்ந்த ஆடவரிடம், இளமையில் தங்களுக்கிருந்த சமயப் பற்றையும் இப்போதுள்ள பற்றையும் விசாரித்து, லாரா கேனிக் முதலானவர்கள் 2005-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒருவருக்கொருவர் காணும் வேற்றுமையில், ஒரே வீட்டில் வளர்ந்ததனால் நேர்ந்த பங்கு இளமையில் 56 சதவிகிதம். நடுவயதை நெருங்கும்போது அது 18 சதவிகிதமாகச் சுருங்கிவிடுகிறது. பிறவிக்கூற்றின் பங்கோ 12 சதவிகிதத்திலிருந்து 44 சதவிகிதமாக உயர்கிறது. பக்திக்கென்று ஒரு தனி மரபணு உடம்பில் இருப்பதாக இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வீட்டின் கட்டு தளர்ந்தபின், அவரவர் சுபாவம் தனக்கு உகந்ததைத் தேடிக்கொள்கிறது என்பதே இதன் தாத்பரியம்.

எனினும் குடும்பம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று கைவிட வேண்டியதில்லை. தென் கலிபோர்னியாவில் 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களை 1970 முதல் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்த வெர்ன் பெங்ட்ஸன், நம்பிக்கை கைமாறுவதற்குப் போதனையைவிட உறவின் கனிவே, அதிலும் தந்தையின் கனிவே, பெருந்துணையாக இருப்பதைக் கண்டார். சொல்லிலும் செயலையே பிள்ளைகள் எடைபோடுகிறார்கள் என்பது ஜோசஃப் ஹென்ரிக்கின் சித்தாந்தம். நம்புகிறேன் என்று சொல்வதற்குச் செலவில்லை. நம்பாதவர் செய்யமாட்டாத காரியத்தை, பசியையும் பொருள் நஷ்டத்தையும் பாராட்டாமல் செய்து காட்டும்போதுதான், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அந்த நம்பிக்கையை மெய்யென்று கொள்கிறது.

இங்கே ஒரு வரம்பையும் குறித்துவிட வேண்டும். மேற்சொன்ன ஆராய்ச்சிகளுள் பெரும்பாலானவை, ஒரே கடவுளை நம்புவதே சமயத்தின் உயிர்நாடி என்று கொள்ளும் சமூகங்களில் நடந்தவை; ஆகவே அவற்றின் கேள்விகளும் நம்பிக்கையைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. நம் வீடுகளில் பிள்ளை தெய்வத்தைப் பற்றிய கருத்தைக் கேட்பதற்கு வெகு நாளைக்கு முன்பே, அதற்குப் பூப்பறித்துக் கொடுத்து, விளக்குக்கு எண்ணெய் வார்த்து, நைவேத்தியம் ஆகும்வரை நாக்கை அடக்கிக்கொண்டு நின்று பழகிவிடுகிறது. கைப்பழக்கம் முந்தியும் கருத்து பிந்தியும் வரும் இத்தகைய வளர்ப்பில், பதினைந்து வயதுச் சந்தேகம் கருத்தை அசைத்தபின்பும் பழக்கம் எஞ்சி நிற்குமா என்பது தனியே ஆராயத்தக்க கேள்வி. மேனாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்து அதற்கு விடை காண இயலாது.

இவையனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, பெற்றோரும் ஆசிரியரும் கைக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று துலங்குகிறது. "சாமி எங்கே இருக்கிறார்?" என்று நாலு வயதில் கேட்கும் பிள்ளைக்கு வேண்டுவது ஓர் இடத்தின் பெயர், ஒன்பது வயதில் அதே கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு வேண்டுவது, அங்கிருந்துகொண்டு அவர் எப்படி இதையெல்லாம் பார்க்கிறார் என்பதன் விளக்கம், பதினைந்து வயதில் கேட்கும்போது அது இடத்தைப் பற்றிய கேள்வியே அன்று, இவ்வளவு துன்பத்தைக் கண்டும் அவர் வாளாவிருப்பானேன் என்ற வழக்கு. நாலு வயதில் சொன்ன விடையையே பதினைந்து வயதிலும் கொடுத்துவிட்டு, பிள்ளை எதிர்த்துப் பேசுகிறான், சமயம் அவனை விட்டுப் போய்விட்டது என்று வருந்தும் வீடுகளில், அவன் விட்டுவிட்டது பெரும்பாலும் சமயத்தை அன்று. தனக்குப் பற்றாமற்போன பழைய விடையைத்தான். அவனுடைய வயதுக்கு ஏற்ற விடை தம்மிடம் இருக்கிறதா என்று பெரியவர்கள் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், இல்லை என்று அவனிடம் ஒப்புக்கொண்டு, அவனோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். தந்தைக்குத் தெரியாததும் உண்டு என்பதை அவன் ஆறு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டான். அதை அவரே சொல்லக் கேட்பதனால் அவனுக்கு அவர்மேலுள்ள மதிப்பு குறையாது.